சீற்று தோலாம்

"அம்மா, அந்தப் பிளேன்காரருக்கு லைசன்ஸ் இருக்கோ எண்டு ஆரும் பார்த்தனீங்களோ?"

வெள்ளவத்தை பிளாற்றின் குசினியில் அருந்ததி பயத்தம் பணியாரத்தைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மகன் இதை எத்தனையாவது தரம் கேட்கிறான் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டாள்.

"பெரியப்பா லண்டனில இருந்தே எல்லாம் விசாரிச்சவர்."

"என்னத்தை விசாரிச்சவர்?"

"சீற்று தோலாம்."

பெரியப்பா தியாகராசா தன் மகனின் கலியாணத்துக்கு, கொழும்புப் பக்கத்து இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு ஒரு பிரைவேட் ஜெட்டே பிடித்திருந்தார். அன்றையிலிருந்து பதினேழு வயதுத் தேனுஜனுக்கு நித்திரை இல்லை. பயம் என்று சொன்னால் கலியாண வீடு முழுக்கச் சிரிக்கும். கொம்பனியில் ஒரு பிழையாவது பிடித்தால் மானத்தோடு தப்பலாம்.

கொம்பனியில் போன் எடுத்தவர் கிளெமென்ற், கொட்டாஞ்சேனைக்காரர். கேட்டவுடனேயே லைசன்சை வட்சப்பில் அனுப்பிவிட்டார். திகதியும் சரியாக இருந்தது.

"ஒரு பைலட்தானோ அங்கிள்? அவருக்கு மேல வச்சு ஏதும் வருத்தம் வந்தா?"

"சரி தம்பி, இன்னொராளையும் போடுறோம்."

அதனால் ஒரு சீற்று குறைந்தது. தேனுஜன் வாய் திறக்க முதல் அப்பா முந்திக்கொண்டார்.

"நான் பஸ்ஸில வாறன்."

இவ்வளவு சந்தோசமாக அப்பா எதையும் விட்டுக்கொடுத்து அவன் பார்த்ததில்லை.

"பிளேனைக் கடைசியா எப்ப செக் பண்ணினது அங்கிள்?"

"அடுத்த கிழமை சேர்விஸ் இருக்கு. உங்களுக்கு யோசனையா இருந்தா வேற பிளேன் தாறோம்."

வேறு பிளேனுக்கு இரண்டு பக்கமும் காத்தாடி. பெரியப்பா போனில் வந்தார்.

"ஊரெல்லாம் ஜெட் எண்டு சொல்லிப்போட்டன். இப்ப ஃபானில போய் இறங்கிறதோ? உன்னை ஆரடா கேட்டது?"

பிறகு கிளெமென்ற் எடுத்தார். "இந்தக் காத்தாடிப் பிளேன் சின்னது தம்பி. ஒவ்வொராளின்ர நிறையும் சொல்லுங்க."

"ஐம்பத்தைஞ்சு எண்டு சொல்லு," என்றாள் அருந்ததி.

"அது எப்ப நிறுத்ததம்மா?"

"நீ பிறக்கிறதுக்கு முதல்."

பெரியப்பா எழுபது என்றார். பள்ளிக்கூடத்தில் 'ஈர்க்கு' என்று பெயரெடுத்த தேனுஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அறுபத்திரண்டு," என்றான்.

போனை வைத்த பிறகுதான் அவனுக்குப் பிடி கிடைத்தது.

பெரியப்பா லண்டனிலிருந்து வந்து சேர்ந்து, எல்லாரும் புறப்படும் நாளில், இரத்மலானை விமான நிலையத்தில் கிளெமென்றைத் தனியே கூப்பிட்டு, "அம்மாவும் பெரியப்பாவும் குறைச்சுச் சொன்னவை அங்கிள். எதுக்கும் ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ," என்றான்.

தராசு வந்தது. அருந்ததி எழுபது. மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வீட்டை வா, உனக்கு இருக்கு."

பெரியப்பா எண்பத்தைந்து. கோட்டைக் கழற்றியும் எண்பத்தைந்துதான்.

பல நாளைக்குப் பிறகு தேனுஜனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. கிளெமென்ற் கையைக் காட்ட, அவனும் ஏறி நின்றான். நாற்பத்துநாலு.

"இனிப் பறக்க ஏலாது, என்ன அங்கிள்?"

கிளெமென்ற் களைத்துப்போய் ஒரு பெருமூச்சு விட்டார்.

"பெரிய ஆக்கள் சொல்ற நிறைக்கு மேல நாங்க எப்பவும் பதினைஞ்சு கிலோ போட்டுத்தான் கணக்குப் பார்க்கிறது, அது அச்சொட்டா வந்திருக்கு, தம்பி, உங்கட சீற்றில மட்டும் ஒரு மண்மூட்டை கட்டினாத்தான் பிளேன் நேராப் போகும்."