அண்ணாச்சி கிணறும் என் அம்மீட்டரும்

நான் படித்தது தாவரவியல். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு இலையைக் கையில் கொடுத்தால் ஒரு பீரியட் முழுக்கப் பேசுவேன். மின்சாரத்தைப் பொறுத்தவரை, ஸ்விட்சைப் போட்டால் வரும், மழை தூறினால் போய்விடும் என்பதுதான் எனக்குத் தெரிந்த மொத்தப் பாடமும். ஆனால் தனியார் பள்ளியில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே தாவரவியல், இயற்பியல் என்ற பேதமெல்லாம் கிடையாது. எல்லாரும் 'சயின்ஸ் டீச்சர்'தான். (விளையாட்டு பீரியடையும் என் தலையில் கட்டினார்கள். அந்தக் கொடுமையை விடுங்கள்.)

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது அந்தப் பள்ளி. இயற்பியல் டீச்சர் பிரசவத்துக்குப் போன இடத்தில் என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். அவர் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்ததும், பெற்றோர் கூட்டத்தன்று ஒரு செய்முறை வகுப்பு எடுத்துக் காட்டினால் என்னையே நிரந்தரமாக்கிவிடலாம் என்றார் தாளாளர். எனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஜூன் மாதமும் சர்டிபிகேட் கவரைத் தூக்கிக்கொண்டு வெயிலில் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி அலுத்துப் போயிருந்தேன். என் மகளும் அங்கேதான் எட்டாம் வகுப்பு. ரெண்டு பேரும் ஒரே வேனில் போய் ஒரே வேனில் வந்துவிடலாம். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

தாளாளரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தீப்பெட்டி ஆபீஸ் நடத்தி முன்னுக்கு வந்தவர், நல்ல மனிதர். அவருக்கு இருந்த ஒரே பெருமை பள்ளிக்கூடத்துக் கிணறு. எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். குடிப்பதற்குக் கேன் வாங்குவோம், இல்லையென்றால் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளுக்குக் காத்துக் கிடப்போம். தன் கிணறு மட்டும் நல்ல தண்ணீர் என்பது அண்ணாச்சியின் கட்சி. பள்ளிக்குள் யார் நுழைந்தாலும் முதலில் ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீரை நீட்டுவார். குடித்து முடிக்கிறவரை எதிரே நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்பார். இனிக்கிறது அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுத்தான் ஆள் நகர முடியும். இன்டர்வியூ அன்று நானும் சொன்னேன். (வேலை கேட்டு வந்தவள் வேறென்ன சொல்ல?) கொஞ்ச நாளில் நாக்கும் பழகிவிட, அதை நானே நம்பவும் ஆரம்பித்துவிட்டேன்.

செய்முறைக்கு நான் எடுத்த பாடம் தண்ணீரில் மின்சாரம் பாய்வது. ஒரு பேட்டரி, ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு, மின்னோட்டத்தை அளக்க ஒரு அம்மீட்டர், பழைய பேட்டரிகளிலிருந்து உருவிய ரெண்டு கரிக்குச்சி. எல்லாவற்றையும் வயரால் இணைத்துக் கரிக்குச்சிகளை டம்ளரில் முக்க வேண்டும். நல்ல தண்ணீரில் மின்சாரம் போகத் தயங்கும், பல்பு எரியாது. உப்பைப் போட்டால் எரியும். இவ்வளவுதான் விஷயம்.

இதைக்கூட நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டில் ஒத்திகை பார்த்த முதல் நாளே அம்மீட்டரைக் கொண்டுபோய் நேராகப் பேட்டரியின் ரெண்டு முனையிலும் வைத்தேன். முள் ஒரே ஓட்டமாக ஓடிக் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது. "அம்மா, அது பல்போட சேர்ந்து வரிசையில நிக்கணும். நீ வரிசைக்கு வெளிய நிப்பாட்டுத" என்றாள் மகள். அம்மீட்டர் மின்சாரத்தின் பாதையிலேயே நிற்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது அன்றுதான். பிறகு கேன் தண்ணீரில் கரிக்குச்சியை முக்கினேன். முள் லேசாகச் சோம்பல் முறித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ரெண்டு கரண்டி உப்பு போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

கூட்டத்தன்று காலையில் கடையில் ஒரு கேன் சொல்லலாமா என்று ஹெச்.எம்.மிடம் கேட்டது அண்ணாச்சி காதில் விழுந்துவிட்டது. மனிதருக்கு முகமே வாடிவிட்டது. "நம்ம கிணறு இருக்கயில கேன் தண்ணி எதுக்கு டீச்சர்? இன்னைக்கு எல்லாரும் பாக்கட்டும்" என்று தானே ஒரு எவர்சில்வர் குடத்தில் பிடித்துக்கொண்டு வந்து மேசை மேல் வைத்தார். முன்வரிசையில் நடுநாயகமாக உட்காரவும் செய்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது உப்பில்லாத நல்ல தண்ணீர், இதில் பல்பு எரியாது, பாருங்கள் என்று கரிக்குச்சிகளை முக்கினேன்.

எரிந்தது. கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி எரிந்தது.

எனக்கு உடனே வந்தது கோபம்தான். எவளோ குறும்பு பண்ணியிருக்கிறாள் என்று, "ஏட்டி, உப்ப அள்ளிப் போட்டது யாரு?" என்று முதல் பெஞ்சைப் பார்த்துக் கேட்டேன். பிள்ளைகள் அம்மா சத்தியமாக இல்லை என்றார்கள். டம்ளரைக் கழுவிவிட்டுக் குடத்திலிருந்து வேறு தண்ணீர் ஊற்றினேன். அதிலும் எரிந்தது. பேட்டரி புதுசு, அதனால் கொஞ்சம் வேகமாக இருக்கிறது என்று வாய்க்கு வந்ததை உளறினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பின்னாலிருந்து ஒரு பிள்ளையின் தகப்பனார் எழுந்து வந்து, தங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரையும் பார்க்கச் சொல்லி பாட்டிலை நீட்டினார். முக்கினேன். முள் ஏனோதானோ என்று கொஞ்சம் நகர்ந்தது, பல்பு எரியவில்லை. அவ்வளவுதான், ஹாலில் இருந்த பாட்டிலெல்லாம் மேசைக்கு வந்துவிட்டது. கேன் தண்ணீரும் எரியவில்லை, ஆற்றுத் தண்ணீரும் எரியவில்லை. அண்ணாச்சி குடம் மட்டும் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. கடைசியாக ஒரு பெரியவர் டிராக்டரிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தார். அதில் எரிந்தது. முள்ளும் பள்ளித் தண்ணீருக்கு நின்ற அதே இடத்தில் போய் நின்றது. எனக்கு உயிரே வந்தது. எந்த ஊர்த் தண்ணீர் என்று ஆசையாகக் கேட்டேன்.

"இது மாட்டுக்கு வைக்கிற போர்த் தண்ணி டீச்சர்" என்றார் அவர்.

ஒரு அம்மா பிள்ளையின் கையிலிருந்த டம்ளரை மெதுவாகப் பிடுங்கிக் கீழே வைத்தார். நான் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருக்க வேண்டும். பாழாய்ப்போன வாத்தியார் புத்தி விடவில்லை. வாய் தன்பாட்டுக்கு, "ஆகவே, இதிலிருந்து நாம் அறிவது என்ன?" என்று கேட்டுவிட்டது. பாடம் முடிந்தால் முடிவைச் சேர்ந்து சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கி வைத்தவள் நான்தான். மொத்த வகுப்பும் எழுந்து நின்று, அண்ணாச்சியைப் பார்த்தபடி, "உப்பு மிகுந்த நீரில் மின்சாரம் நன்றாகப் பாயும்" என்று ராகம் போட்டு முழங்கியது.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணாச்சி ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். எதிரே ஒரு டம்ளர் தண்ணீர் பாதி குடித்தபடி இருந்தது. "எங்க அப்பா வெட்டுன கிணறும்மா. எனக்கு இனிக்கத்தான் செய்யுது" என்றார். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "எல்லாரும் அப்படித்தான சொன்னாவ. நீங்களுந்தான சொன்னீய" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்களில் யாருக்கும் இல்லாத துணிச்சல் அந்த முள்ளுக்கு இருந்திருக்கிறது. மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி என்றேன்.

அவர் திட்டவில்லை. "பிள்ளைங்க குடிக்கிற தண்ணி. பெருசா ஒரு சுத்திகரிப்பு மிஷின் வாங்கிப் போடுதேன்" என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. வேலை தப்பித்தது என்று நினைத்து எழுந்தேன். "ஆனா மிஷினுக்கு மாசாமாசம் செலவு இருக்கு பாத்துக்கிடுங்க. அதனால சயின்ஸ நம்ம கணக்கு சாரே சேத்துப் பாக்கட்டும்னு இருக்கேன்" என்றார்.

அந்த ஜூனிலும் கவரைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இப்போது வேறொரு பள்ளியில் இருக்கிறேன். ரெண்டு பஸ் மாறிப் போகிறேன், அங்கே எனக்கு மூன்றாம் வகுப்புத் தமிழ். மகள் மட்டும் பழைய வேனிலேயே போய்வருகிறாள். வீட்டுக்கு உறவுக்காரர்கள் யார் வந்தாலும், அவர்கள் முன்னால் பள்ளி மிஷினில் பிடித்த தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, இன்னைக்கும் உன் வேலைய ரெண்டு பாட்டில் குடிச்சேன்" என்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். போன வாரம் அவள் மிச்சம் வைத்திருந்ததை எடுத்து ஒரு மடக்கு குடித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது.