பார்ட் ஜீரோவுக்கு எதிராக ஒரு டிக்கெட்

பெங்களூரில் மனிதன் பயந்து சாக எத்தனையோ விஷயங்கள் இருக்கின்றன. மழைக்கால அண்டர்பாஸ், சாயங்கால டிராபிக், மாத நடுவில் வரும் வீட்டு ஓனரின் போன். இதையெல்லாம் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் எங்கள் ஆபீஸ் பார்ட் ஜீரோவை உட்கார வைத்தால் அவர் தட்டுதான் தரையில் இடிக்கும். நான்காவது மாடியில் எண்பது பேர் வேலை பார்த்தோம். எண்பது பேரும் அவருக்குப் பயந்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே பயந்தேன். எனக்குப் பிறவியிலேயே தொடை நடுக்கம்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருந்தது. அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை; எல்லாருக்கும் அவர் பார்ட் ஜீரோதான். பெங்களூர் மர்பி டவுன்காரர். வயது நாற்பதை ஒட்டி. அடுத்தவர் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கும் டெஸ்டிங் வேலை. ஆள் பார்க்க ஒல்லியாக, சாதுவாக இருப்பார். சினிமாப் பேச்சு எடுக்காதவரைக்கும்.

விண்வெளிக் கப்பல் ஒன்றைப் பற்றிய ஆங்கிலப் படத் தொடர் அது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவீர்கள், மீதிப் பேர் நேரில் வருவீர்கள். மூன்று பாகம் எடுத்து உலகமே கைதட்டி ஓய்ந்த பிறகு, இந்தக் கதைக்கெல்லாம் முன்னால் என்ன நடந்தது என்று நாலாவதாக ஒரு படம் எடுத்தார்கள். ரசிகர்கள் அதைத்தான் பார்ட் ஜீரோ என்பார்கள். அது வெளியான அன்றே ரசிகர் கூட்டம் இரண்டாக உடைந்தது. படம் மோசம் என்று உலகம் மொத்தமும் ஒரு பக்கம். மர்பி டவுன்காரர் மறுபக்கம்.

சண்டையின் மூல காரணம் இதுதான். முதல் மூன்று படங்களிலும் கப்பலை ஓட்டும் கேப்டன், அவற்றுக்கு முந்தைய கதையான பார்ட் ஜீரோவில் இன்ஜின் ரூமில் செத்துப்போகிறார். செத்தவர் அப்புறம் எப்படி மூன்று படத்துக்குக் கப்பல் ஓட்டினார் என்று கேட்டால் நம்மாள் மூக்கு விடைக்கும்.

"மொத பார்ட்ல வர்றது அதே கேப்டன்னு உனுக்கு யாரு சொன்னது குரு? வேற ஒர்த்தன் அவரு டிரஸ்ஸ மாட்டிக்கினு ஓட்றான். சக்கத் ஐடியா அது, சூப்பரு" என்பார். கேட்டவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார்.

வாயால் படத்தைத் திட்டுவதற்கு அவரிடம் அனுமதி கிடையாது. அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். மென்பொருளில் பிழை கண்டுபிடித்தால் நாங்கள் கம்ப்யூட்டரில் ஒரு டிக்கெட் பதிவு செய்வோம்: எங்கே நடக்கிறது, எப்போது நடக்கிறது, எவ்வளவு அவசரம். அந்த டிக்கெட் பக்கத்துக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று நிஜம், அதில் போட்டது நேரே வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போய்விடும். மற்றது நாங்கள் பழகிப் பார்ப்பதற்கு. அந்தப் பழகும் பிரதியில்தான் பார்ட் ஜீரோவின் நீதிமன்றம் நடந்தது. படத்தில் குறை சொல்கிறவன் அதில் டிக்கெட் போட வேண்டும். எத்தனையாவது நிமிஷம் என்று எழுத வேண்டும். அவர் படித்துப் பார்த்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரியை எழுதி மூடுவார்: 'இது பிழை அல்ல. உருவாக்கியபடியே இயங்குகிறது.' மூடிய டிக்கெட்டுகள் முந்நூறுக்கு மேல் இருந்தன. திறந்திருந்த ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

லிஃப்டில் அவரோடு மாட்டிக்கொள்வதுதான் எல்லாருக்கும் பெரிய கிலி. ஒருநாள் கரண்ட் போய், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே எச்.ஆர்.காரர் அவரோடு தனியாக நின்றுவிட்டார். சும்மா பேச்சுக் கொடுப்போமே என்று, அந்த கேப்டனைச் சாகடித்தது மட்டும் கொஞ்சம் அநியாயம் என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். முப்பத்தைந்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தபோது எச்.ஆர்.காரர் சட்டையெல்லாம் நனைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அன்றிலிருந்து அவர் படிக்கட்டுதான். அவருக்கு முட்டி வலி வேறு.

நான் சேர்ந்த முதல் நாளே என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று, பார்ட் ஜீரோ பார்த்தாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். போலியோ சொட்டு மருந்து போடாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அந்த வாரக் கடைசியில் ஈஜிபுராவில் நான் தங்கியிருந்த ரூமில் உட்கார்ந்து பயபக்தியோடு படத்தைப் போட்டேன். பாதியில் தூங்கிவிட்டேன். திங்கட்கிழமை அவர் முகத்தைப் பார்த்ததும், அருமை அண்ணா என்றேன். எந்த இடம் அருமை என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

அவர் பயம் போதாதென்று இன்னொரு பயமும் வந்து சேர்ந்தது. ஆபீசில் ஆள் குறைக்க ஆரம்பித்தார்கள். எங்கள் மாடியின் மீட்டிங் ரூம்களுக்கு ஆறுகளின் பெயர். கடைசியில் இருந்த சின்ன ரூமுக்குத் துங்கா என்று பெயர். துங்காவுக்கு வரச் சொன்னால் போனவர் சீட்டுக்குத் திரும்ப மாட்டார். அவர் பையை செக்யூரிட்டி எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பார். யார் எழுந்தாலும் மாடி முழுக்க விசைப்பலகைச் சத்தம் ஒரு கணம் நிற்கும்.

எனக்கோ ஆறு மாச ப்ரொபேஷன் முடியவில்லை. ஆரணியில் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. அப்பா அவசரப்பட்டுப் பத்திரிகையே அடித்துவிட்டார். அதில் என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'சாஃப்ட்வேர் என்ஜினியர், பெங்களூரு' என்று போட்டிருந்தது. ஊரில் பாதி வீட்டுக்குக் கொடுத்தும் ஆயிற்று. வேலை போனால் வீடு வீடாகப் போய் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு வரமுடியுமா? படுத்தால் தூக்கம் இல்லை, சாப்பிட்டால் இறங்கவில்லை.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் இரண்டு பேர் துங்காவுக்குப் போயிருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து பார்ட் ஜீரோ வந்து, படத்தை இரண்டாவது தடவை பார்த்தேனா என்று கேட்டார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். படம் சுத்த வேஸ்ட் என்று சொல்லிவிட்டேன். அவர் பதறவே இல்லை.

"வாயால திட்டாத குரு. டிக்கெட் போடு" என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போனார்.

போட்டேன். ஆங்கிலத்தில் அடித்தேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'கேப்டன் இன்ஜின் ரூமில் இறந்துவிட்டார். கப்பலில் ஒருவரும் கவனிக்கவில்லை. வேறு ஒருவன் அவர் உடையை மாட்டிக்கொண்டு கப்பலை ஓட்டுகிறான். இத்தனை நாள் இதை மறைத்தவர்கள் மீது நடவடிக்கை தேவை.' அவசரம் என்ற இடத்தில் இருப்பதிலேயே உச்சமான நிலையைத் தேர்ந்தெடுத்தேன். பட்டனைத் தட்டினேன். மனசு லேசாயிற்று. அப்புறம்தான் திரையின் மேல்விளிம்பைப் பார்த்தேன். பழகும் பிரதிக்கு அங்கே பச்சைக் கோடு இருக்கும். சிவப்பாக இருந்தது.

எங்கள் வாடிக்கையாளர் யார் என்று நான் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் ஒரு கப்பல் கம்பெனி.

போட்ட டிக்கெட்டை அழிக்க முடியாது. பத்து நிமிஷத்தில் மாடியில் எல்லா போனும் சேர்ந்து அடித்தது. அங்கே அவர்களுக்குக் காலை நேரம். கடலில் இருக்கும் அத்தனை கப்பலையும் கூப்பிட்டு, கேப்டன் உயிரோடு இருக்கிறாரா, இருப்பவர் கேப்டன்தானா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்களாம். ஒரு கப்பலின் கேப்டன் குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் துண்டோடு வந்து பேசும்வரை கம்பெனியில் யாரும் மூச்சு விடவில்லையாம். எனக்கும் அதே நிலைமைதான்.

டிக்கெட் போடுவதற்கு எனக்கும் பார்ட் ஜீரோவுக்கும் சேர்த்து ஒரே லாகின்தான். போட்டது இருவரில் யார் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் இருவரையும் துங்காவுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே எங்கள் மேனேஜர் மேடம் இருந்தார். அல்சூரில் வளர்ந்த கன்னடத்துக்காரர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. பக்கத்தில் எச்.ஆர்.காரர். பார்ட் ஜீரோவைப் பார்த்ததும் அவர் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டார்.

யார் போட்டது என்று மேடம் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"நான்தான் மேடம்" என்றார் பார்ட் ஜீரோ.

மேடம் நம்பவில்லை. "அந்தப் படத்தப் பத்தி ஒரு வார்த்த தப்பா எழுதற ஆளா நீங்க? இந்தப் பையனக் காப்பாத்தப் பொய் சொல்லாதீங்க" என்று என் பக்கம் திரும்பினார். ஆரணியில் பத்திரிகை வாங்கிய ஒவ்வொரு முகமும் என் கண் முன்னால் வந்துபோனது.

பார்ட் ஜீரோ மேசையிலிருந்த பாட்டிலை எடுத்துப் பாதித் தண்ணீரைக் குடித்தார். மூடியை நிதானமாகத் திருகினார்.

"மேடம், அந்தப் படம் சரியில்ல" என்றார்.

பிறகு ஆரம்பித்தார். கப்பலின் சமையலறையில் வீணாகப் போகும் பதினொரு நிமிஷத்தைச் சொன்னார். வில்லனின் தாடி ஒரு காட்சியில் நீளமாகவும் அடுத்த காட்சியில் குட்டையாகவும் இருப்பதைச் சொன்னார். ஒரே கடிதத்தை இரண்டு தடவை படிக்கிறார்கள் என்றார். மூன்று நிலா உள்ள கிரகத்தில் எல்லாருக்கும் ஒரே ஒரு நிழல் விழுகிறது என்றார். எண்பது பேர் சேர்ந்து போட்ட முந்நூறு டிக்கெட்டில் இதில் ஒன்றுகூட இல்லை. நிமிஷக் கணக்கோடு, வரிசை தவறாமல், மேடம் குறுக்கே பேச இடமே விடாமல் அடுக்கிக்கொண்டே போனார். கடைசியாக இன்ஜின் ரூமுக்கு வந்தார்.

"அவர சாவடிச்சது தப்பு மேடம். அவ்ளோ தூரம் கூடவே வந்த ஆளு. ஒர்த்தர் கூட திரும்பிப் பாக்கல" என்றார். தலையைக் குனிந்துகொண்டார்.

"நானும் இதத்தானே லிஃப்ட்ல சொன்னேன்" என்றார் எச்.ஆர்.காரர், கண்ணில் தண்ணீரோடு.

மேடம் நம்பிவிட்டார். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். அப்போதுதான் நான், மேடம், என்று ஆரம்பித்தேன். மேசைக்கு அடியில் பார்ட் ஜீரோ என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார். மிதித்தாலும் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பை வந்தது. அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து போனார். மிச்சம் இருந்த அத்தனை பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்தது யார் என்ற பயம். நானும் திரையைத்தான் பார்த்தேன். என் திரையில் அப்போது எதுவுமே இல்லை.

எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. அவர் போனை எடுக்கவில்லை. மூன்று வாரம் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பத்திரிகையோடு மர்பி டவுனுக்குப் போனேன். கதவைத் தட்டுமுன் இரண்டு தடவை தெருமுனைவரை திரும்பிப் போய்வந்தேன். அவரே திறந்தார். பீன்யாவில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். அங்கேயும் குறை கண்டுபிடிக்கும் வேலைதான், தண்ணீர் ஒழுகினால் கையிலேயே தெரிந்துவிடுகிறது என்றார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேலைய உடு. பன்னெண்டு வருஷத்துல மொத தபா அந்தப் படத்த தப்பாப் பேச வச்சிட்டியே குரு. அதான் பேஜாரு. அதுக்குத்தான் போன் எடுக்கல."

அன்று சொன்னதெல்லாம் மேடத்துக்காக இட்டுக்கட்டியதுதானே என்று கேட்டேன். அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

"நான் டெஸ்டர். ஒண்ணு கூடப் பொய் இல்ல. உங்க எல்லாருக்கும் முன்னாடியே எல்லாத் தப்பும் எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் புடிச்சிது" என்றார்.

பத்திரிகையை வாங்கி, என் பெயருக்குக் கீழே இருந்த அந்தப் பெரிய எழுத்து வரியைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். அச்சு நல்லா வந்திருக்கு என்றார். ஆரணிக்கு வந்தார். மேடையில் கைகுலுக்கிவிட்டு, என் மனைவியிடம் பார்ட் ஜீரோ பார்த்தாச்சா என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு மாலையோடு வியர்த்தது.

அந்தப் படத்தை இதுவரை நாலு தடவை பார்த்துவிட்டேன். மோசமான படம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்ஜின் ரூம் காட்சி வரும்போது மட்டும் போனைக் கீழே வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த மனிதர் போவதை யாராவது ஒருவராவது பார்க்க வேண்டாமா.