கொட்டாவி விட்ட கருவி

மூன்றாம் மாடியில் நிற்க இடமில்லை. கணக்குப் பிரிவு மொத்தமும் அங்கேதான். வரவேற்பறைப் பெண் தொலைபேசியை அலறவிட்டு ஓடி வந்திருந்தாள். பல்வலி என்று விடுப்பு எடுத்த குமாஸ்தாகூட, கன்னத்தைப் பிடித்தபடி முன்வரிசையில். கருவியின் நீல ஒளி பட்டால் பல்வலி பறந்துவிடுமாம். யார் சொன்னது? எல்லோரும் சொன்னார்கள். அப்புறமென்ன, ஆதாரம் வேறு வேண்டுமா?

கருவி என்பது மூடிய ஒரு பெட்டி; அதற்குச் சொந்தக்காரர் கம்பைலர் சித்தர். ஒரு கணினி மொழியில் எழுதிய நிரலை இன்னொரு மொழிக்கு மாற்ற, மற்றவர்கள் கம்பைலர் என்னும் மொழிமாற்றி நிரல்களைச் சங்கிலியாகக் கோத்து, பிழை பார்த்து, மாதக்கணக்கில் மாரடிப்பார்கள். சித்தர் பெட்டியின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடுவார். மூன்றே நிமிடத்தில் நிரல் மாறி பெட்டிக்குள் வந்துவிடுமாம். ஆனால் பெட்டியைத் திறக்கக் கூடாது. பழைய கணினியை அணைக்கவும் கூடாது; அதன் உயிர் மெல்ல மெல்லத்தான் இதில் இறங்குமாம்.

அந்தப் பழைய கணினிதான் நகரத்தின் ஆம்புலன்ஸ்களை அனுப்பிக்கொண்டிருந்தது. உதிரி பாகம் எங்கும் கிடைக்காத கிழம். அது மண்டையைப் போடுவதற்குள் நிரல் நிஜமாகவே புதிய மொழிக்கு மாறியாக வேண்டும். இல்லையென்றால், உயிருக்குப் போராடுகிறவன் வாசலுக்கு வண்டி வராது. ‘மாறிவிட்டது’ என்று கையெழுத்துப் போட வேண்டியவள் சோதனைப் பிரிவுக்காரி. அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் சந்தேகக்கா.

ஒரு வாரமாக எதைக் கேட்டாலும் பெட்டி சரியாகவே பதில் சொன்னது. ஆனால் பழைய கணினி திணறும்போதெல்லாம் பெட்டியும் திணறியது. கிழத்துக்குச் சளி பிடித்தால் குழந்தை ஏன் தும்முகிறது? அவளுக்கு அதுதான் உறுத்தியது.

மேலாளர் பேனாவை நீட்டினார். ஆம்புலன்ஸ் கேட்டு ஒரே ஒரு பயிற்சி அழைப்பு அனுப்பிப் பார்த்ததும் போடுவதாகச் சந்தேகக்கா சொன்னாள்.

“சந்தேகத்தோட கேட்டா கருவி முகம் சுளிக்கும்மா” என்றார் சித்தர்.

“சுளிக்கட்டும் சாமி. பெட்டி முகம் சுளிச்சு நானும் பார்த்ததில்ல.”

தட்டினாள். திரையில் பதில் பளிச்சென்று வந்தது: ‘வண்டி கொட்டாவி விடுகிறது.’

முதலில் சிரித்தது பல்வலிக் குமாஸ்தா. பிறகு மாடியே குலுங்கியது.

காலையில் பழைய கணினியில் ஒரே ஒரு வரியை மாற்றியதாக அவள் விளக்கினாள். பயிற்சி அழைப்புக்கான பதில் மட்டும். நிஜ அழைப்புகளைத் தொடவில்லை. பெட்டி மொழிமாற்றம் செய்ததோ போன வாரம்.

சித்தர் ஆன்மத் தொடர்பு என்று ஏதோ ஆரம்பித்தார்.

“போன வாரம் உங்களை போட்டோ எடுத்தாச்சு சாமி. இன்னிக்கு நீங்க மீசையை எடுத்தா, போட்டோவுல இருக்கற மீசையும் போயிடுமா?”

சித்தரின் கை தானாக மீசைக்குப் போனது. அதற்குள் அவள் வரச் சொல்லியிருந்த எலெக்ட்ரீஷியன் தரைவிரிப்பைத் தூக்கிவிட்டார். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் நேராகப் பழைய கணினிக்கு ஓடியது. பெட்டியையும் திறந்தார்: உள்ளே ஒரு நீல விளக்கு; கேள்வியை அங்கே கடத்தி, பதிலை இங்கே வாங்கித் தரும் ஒரு சின்ன மின்சுற்று அட்டை. மாற்றப்பட்ட நிரல்? ஒரு வரிகூட இல்லை. சித்தரும் இல்லை. லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கியிருந்தார்.

மேலாளர் பேனாவை மூடிக்கொண்டு, ஒழுங்காகச் செய்ய எத்தனை நாளாகும் என்று மெதுவாகக் கேட்டார். கம்பைலர் வேலையை இன்றே தொடங்கினால் இரண்டு மாதம் என்றாள்.

கூட்டம் கலைந்தது. வரவேற்பறைப் பெண் மட்டும் நகரவில்லை.

“அக்கா, இவர் போலி. சரி. நிஜ சித்தர் வேற யாராவது இருக்காங்களா?”

“இருக்காங்கம்மா. உன் கழுத்துக்கு மேலயே. வேலையே குடுக்காம வச்சிருக்கே.”