அரசுக் காவலில் ஒரு ஜாடி

பொதுமக்கள் தங்கள் வீட்டுப் பானங்களைத் தங்கள் இஷ்டத்துக்குப் புளிக்கவிடுவது நாட்டு நலனுக்கு உகந்ததல்ல என்று கண்டறியப்பட்டதன் பேரில், திருவொற்றியூரில் ஒரு மாடிப் போர்ஷனில் 'இல்லப் புளிப்பு ஒழுங்குமுறை அலுவலகம்' திறக்கப்பட்டது. அதிகாரியாக ஜெபசிங் வந்தார். தெற்கத்திக்காரர், தலைமுறை தலைமுறையாக மதுவை மோந்துகூடப் பார்க்காத குடும்பம். அதனால் பொருத்தமான ஆள் என்று மேலிடம் முடிவு செய்தது. வருஷம் ஒன்றாகப் போகிறது, ஆபீஸ் பக்கம் ஒரு ஈ காக்கை வரவில்லை. இழுத்து மூடிவிடலாம் என்று மேலே பேச்சு அடிபட்ட நேரத்தில்தான் எங்கள் தெரு சிலுவையம்மாள் படியேறிப் போனார்.

ராயபுரத்தில் எங்கள் வேதக்கார ஜனத்துக்கு ஒயின் இல்லாமல் கல்யாணம் இல்லை. கேக் வெட்டி, ஆளுக்கொரு சின்ன கிளாஸ் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வீடு மதிக்கும். மகள் ஜூடிக்கு அடுத்த மாசம் கல்யாணம். திராட்சை விற்கிற விலைக்குப் பயந்து, சிலுவையம்மாள் எண்ணூரில் தண்டவாளத்தோரம் கேட்பாரற்றுக் காய்த்துக் கிடக்கும் சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பறித்து வந்தார். முள்ளைப் பொசுக்கிப் பிழிந்து, சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்து, பீங்கான் ஜாடியில் ஊற்றி, வாயைத் துணியால் வேடு கட்டி வைத்தார்.

தெருவில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு ஜாடி உண்டு. யாரும் வெளியே சொல்வதில்லை. ஆனால் சிலுவையம்மாள் வாரம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர். முழங்கால் போட்டு உள்ளதைச் சொன்னால், நாலு ஜெபம் சொல்லச் சொல்லி மன்னித்து அனுப்புவார்கள் என்று பழகிப்போனவர். சர்க்கார் ஆபீசையும் கோயில் மாதிரி நினைத்துவிட்டார்.

"சார், பொண்ணு கல்யாணத்துக்கு ஒயின் போட்டுகீறேன். தப்புன்னா சொல்லு சார், இன்னா செய்யணுமோ செஞ்சிட்றேன்."

ஜெபசிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று கைகூப்பினார். "உட்காருங்கம்மா. இந்த ஆபீஸைக் காப்பாத்திட்டீங்க."

அன்று மாலையே ஜாடி கைப்பற்றப்பட்டது. ஆட்டோவில் ஜாடிக்கு நடுவில் இடம் கொடுத்து, சிலுவையம்மாளை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

உள்ளே இருப்பது சாறா, சாராயமா என்று தெரிய வேண்டுமே. அதிகாரி குடித்துப் பார்க்கிறவர் அல்ல. எனவே நிபுணர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். பெயர் செங்கொடி. பணக்காரர்களுக்குக் கையுறை மாட்டிவிட்டுக் காட்டுச்செடி பறிக்கவும், அதைப் புளிக்கவைக்கவும் தென்சென்னையில் வகுப்பு எடுப்பவர். எண்ணூர்க் கள்ளி என்றதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அனல்மின் நிலையத்துச் சாம்பல் காத்தைக் குடிச்சு வளர்ந்த செடி. ஒரு தொழிற்பேட்டையோட வலியே இதுல இருக்கு."

"அதெல்லாம் கழுவிட்டுத்தாம்மா போட்டேன்" என்றார் சிலுவையம்மாள்.

செங்கொடி ஜாடியின் மேல் காதை வைத்தார். "இது உயிருள்ள பானம் சார். மூச்சு விடுது, கேளுங்க."

ஜெபசிங்கும் காதை வைத்தார். களக் களக் என்று கேட்டது. அவருக்கு வியர்த்துவிட்டது. உயிருள்ள உடைமையைக் காவலில் வைக்க அவர் அறிந்த விதி ஒன்றே ஒன்றுதான், தெருவில் திரியும் மாட்டைப் பிடித்து அடைக்கிற விதி. அதையே அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். தீவனச் செலவு உரிமையாளருடையது. ஆகவே சிலுவையம்மாள் தினமும் பஸ் ஏறிப் போய் ஜாடிக்குச் சர்க்கரை போட்டுவிட்டு வந்தார்.

"எம் ஜாடிய நீ புடிச்சி வச்சிகினு, தீனி மட்டும் நான் போடணுமா சார்?"

"மாட்டுக்காரங்க யாரும் இப்படிக் கேட்டதில்லைம்மா."

பிறகு கால்நடை மருத்துவர் வந்தார். கொம்பும் இல்லை, வாலும் இல்லை என்று முதலில் தயங்கினார். ஒரு டம்ளர் பரிசோதித்தார். சந்தேகம் தீர இன்னொரு டம்ளர் பரிசோதித்தார். பிராணி மிகுந்த ஆரோக்கியத்துடன் இருப்பதாகச் சான்று வழங்கிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கல்யாணம் நெருங்கியது. "சனிக்கெழம கல்யாணம் சார். ஜாடிய குட்த்துரு, தூக்கிகினு போய்ட்றேன்."

"தாராளமா. ஆனா பிடிபட்ட பிராணி தன் காலால நடந்து வாசலைத் தாண்டணும். அப்பத்தான் விடுவிக்க முடியும்."

"அதுக்கு ஏது சார் காலு?"

"அவகாசம் தர்றேன்" என்றார் ஜெபசிங். கருணையுள்ளவர். வியாழன் சாயங்காலம் வரை ஜாடிக்கு அவகாசம் தந்தார். அது நடக்கவில்லை. நடக்க இயலாத பிராணி என்று ஏலம் விடப்பட்டது. செங்கொடி எடுத்தார்.

அன்றைக்கு சிலுவையம்மாள் எங்கள் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "புழல் ஜெயில்ல போடாம வுட்டானே, அத்த நெனச்சிக்கோ" என்று ஆறுதல் சொன்னோம்.

கல்யாணத்தில் மானத்தைக் காப்பாற்றியவர் மாப்பிள்ளை டெரிக்கின் பெரியப்பா அலெக்ஸாண்டர். ஏதோ பெரிய கடையிலிருந்து சின்னச் சின்ன பாட்டிலில் ஒயின் வாங்கி வந்திருந்தார். 'எண்ணூர்க் காட்டுக்கள்ளி, உயிருள்ள பானம், அரசுக் காவலில் முதிர்ந்தது' என்று லேபிள். எங்கள் தெருவே சப்புக்கொட்டியது.

"இதாம்பா ஒயினு. நாம வூட்ல போட்றதெல்லாம் கலீஜ்" என்றோம் ஒரே குரலில்.

சிலுவையம்மாள் ஒரு வாய் குடித்தார். முகம் மாறிப்போனது. "இது எம் ஜாடி ஒயினு. நான் தெனம் போய் சக்கர போட்டது."

"சம்பந்தியம்மா, லேபிளப் படிங்க" என்று சிரித்தார் அலெக்ஸாண்டர். நாங்களும் சிரித்தோம். பாவம், பெண் போகிற துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று ஒதுங்கிக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலையில் தெருவே ஜாடியும் கையுமாகத் திருவொற்றியூரில் வரிசையில் நின்றது. "நாங்களும் தப்பு பண்ணிகீறோம் சார். எங்க ஜாடியயும் புடிச்சி உள்ள வையி."

ஜெபசிங் இப்போது ரொம்ப பிஸி. தலையைத் தூக்காமலே சொன்னார், "காவல்ல இடமில்லை. யாராவது சிபாரிசு பண்ணினா பார்க்கலாம்."

சிபாரிசுக்கு நேராக சிலுவையம்மாள் வீட்டுக்குத்தான் போனோம். அந்த ஆபீசில் ஆள் பழக்கம் அவருக்குத்தானே. எங்களையும் ஜாடிகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பெரிய இடத்துப் பழக்கம் வந்ததும் மனுஷிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டே திரும்பி வந்தோம்.