மேஜை பதினாலில் பிறந்த நாள்

செங்கொடியைக் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் கால் வைக்க விடக் கூடாது. இந்த முடிவை நான் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காலடிப்பேட்டை வீட்டில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தால் என்றுதான் அப்போது நினைத்தேன்.

என் பெயர் வல்லரசு. பெயரைக் கேட்டுவிட்டு நேரில் பார்ப்பவர்கள், எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். நான் பேசினால் பக்கத்து நாற்காலிக்கே கேட்காது. மனைவி பெயர் செங்கொடி. மாமனார் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சங்கத்து ஆள். மகளுக்கு அந்தப் பெயர் வைத்த கதையைப் பெண் பார்க்கப் போன அன்றே விலாவாரியாகச் சொன்னார். சரியாக அந்த நேரம் பார்த்துக் கேசரி வந்தது. நான் கேசரியைக் கவனித்தேன். மாமனார் இப்போது இல்லை. மறுபடி ஒரு தடவை சொல்லுங்கள் என்று கேட்கவும் வழியில்லை.

எனக்கு வேலை ஒரு பயணிகள் கப்பலில். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறேன். அந்தக் கப்பல் எங்கெங்கோ சுற்றிவிட்டு இந்த வருடம்தான் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. மூன்று இரவு கடலில், பிறகு திரும்பவும் சென்னை. கரைக்கு வந்தால் சில மணி நேரம் வீட்டுக்கு விடுவார்கள். அப்படி வந்த நேரத்தில்தான் வெங்காயமும் அந்தச் செய்தியும்.

"மாமா, உன் கப்பலுக்கு டிக்கெட் வுழுந்துகீது."

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஆபீஸ் ஆண்டு விழா குலுக்கல்ல. ரெண்டு பேர் போலாம். நானும் அம்மாவும் வர்றோம்."

செங்கொடிக்கு வேலை கன்டெய்னர் யார்டில், கேட் ஆபீசில். நாற்பதடி டிரெய்லர் ஓட்டிக்கொண்டு வருகிறவர்களை ஒரு புருவத்தால் வரிசையில் நிற்க வைப்பாள். நான் ஓட்டுவது தட்டு வண்டி.

"சாப்புடற எடத்துல பாட்டு, ஆட்டம்லாம் கீதாமே. இன்னா நடக்கும் அங்க?"

இங்கேதான் நான் வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

உண்மையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் ஒரு நாள் போகலாம். எட்டரை மணிக்கு, மீனும் கறியும் முடிந்து இனிப்பு வருவதற்கு முன்னால், விளக்கு மங்கும். பாட்டு இடிக்கும். பரிமாறுகிற நாங்கள் நாற்பது பேரும், மடியில் விரிக்கிற வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே ஆடியபடி ஓடி வருவோம். பயணிகளும் துண்டைச் சுழற்றுவார்கள். கைக்குக் கிடைத்தவர்களை இழுத்து வந்து ஆட வைப்போம். துண்டை அன்னமாக மடிப்போம். குழந்தையின் காதிலிருந்து சாக்லெட் எடுப்போம். கடைசி இரவு, பேட்டரி மெழுகுவத்தி செருகிய ஐஸ்கிரீம் கேக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம்.

பிறந்த நாளுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. இன்னாருக்குப் பிறந்த நாள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் அந்த மேஜையைச் சூழ்ந்து பாட வேண்டும். பிறந்தவர் யாரைக் கை காட்டுகிறாரோ அவர் ஒரு பாட்டு முழுக்கக் கூட ஆட வேண்டும். மாட்டேன் என்று சொல்லக் கூடாது. ஆதார் அட்டை கேட்கும் பழக்கமும் கிடையாது.

இந்த நாற்பது பேரில் நன்றாக ஆடுகிறவன் யார் என்றால், சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நான்தான். எனக்கென்று ஒரு பச்சைத் தொப்பியே வைத்திருக்கிறார்கள்.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா. நாலு வருடத்துக்கு முன், திருவொற்றியூரில் எங்கள் கல்யாண வரவேற்பு. டிரம்ஸ் அடிக்கிறார்கள். செங்கொடி மேடையிலிருந்து இறங்கினாள். ஊரே பார்க்க என்னிடம் கை நீட்டினாள். நான், "எனக்குக் கால் வராதும்மா," என்றேன். அவள் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தனியாக ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. அப்போதே நான் கப்பலில் ஒரு வருடம் ஆடி முடித்திருந்தேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தெரியாதவர்கள் முன்னால் ஆடுவது சுலபம். மூணு இரவு முடிந்ததும் இறங்கிப் போய்விடுவார்கள். தெரிந்தவர்கள் போக மாட்டார்கள். அவர்கள் முன்னால் எனக்குக் கால் நிஜமாகவே கல்லாகிவிடும். அதை அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்திலும், "அவருக்குக் கால் வராது," என்று அவளே முந்திக்கொண்டு சொல்லி என்னைக் காப்பாற்றினாள். அவள் காப்பாற்றக் காப்பாற்ற என் பொய் கெட்டியானது.

ஆகவே சமையலறையில் இப்படிச் சொன்னேன்:

"ஒண்ணும் நடக்காது. எழவு வீடு மாதிரி இருக்கும். ஒரு தாத்தா மூலையில வயலின் வாசிப்பாரு."

"பேச்சு?"

"மூச்சு விட்டாலே திரும்பிப் பாப்பாங்க. தட்டுக்கு ரெண்டு பக்கமும் ஏழு கரண்டி. எதை எடுத்தாலும் தப்பு."

"அப்ப நாங்க எங்க சாப்புடறது?"

"மேல் மாடில. நீங்களே எடுத்துப் போட்டுக்கலாம். அத்தைக்குத் தயிர்சாதம் கூட உண்டு. காத்து வரும்."

"அப்டியா," என்றாள்.

செங்கொடி 'அப்படியா' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்வி கேட்கவில்லை என்றால், கேட் ஆபீசில் டிரைவர்கள் வண்டியை அணைத்துவிடுவார்களாம். நான் மறுபடி வெங்காயத்தை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்பியது. முதல் இரவு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை. மறுநாள் காலை மாடிப்படியில் பார்த்தோம்.

"தயிர்சாதம் எப்டி?"

"நல்லா கீது மாமா. நீ சொன்னா மாதிரியே காத்து."

அத்தை கெங்கம்மா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன் மாப்ள, வயலின் தாத்தா சொகமா?"

"சுகம்தான் அத்தை."

இரண்டாவது இரவும் அவர்கள் மாடியில்தான். திட்டம் பலித்துவிட்டது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எட்டரைக்குப் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு ஐதராபாத்திலிருந்து வந்த ஒரு அம்மாவோடு ஆடினேன். எழுபது வயது. என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். பெண்டாட்டி தலைக்கு மேல் இரண்டு மாடி தள்ளி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிறாள். இங்கே நான் யாருக்கோ ஆடிக்கொண்டிருக்கிறேன். கால் தாளம் தப்பியது. கப்பல் ஆடியதால் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் இரவு, கடைசி ஊர்வலம். ஏழரை மணிக்கு வாசல் கதவு திறந்தது. முன்னால் கெங்கம்மா, காஞ்சிபுரம் பட்டில். பின்னால் செங்கொடி, கல்யாண வரவேற்புக்குக் கட்டிய அதே புடவையில்.

நான் கையிலிருந்த சூப்போடு பேன்ட்ரிக்குள் போய்விட்டேன். பேன்ட்ரி என்றால் பாத்திரமும் ஆவியுமாக ஒரு சந்து. எங்கள் தலைமைப் பரிமாறுபவன் பெனிட்டோ பின்னாலேயே வந்தான். ராயபுரத்துக்காரன். அவன் குசுகுசுத்தால் கப்பல் சங்கு வெட்கப்படும்.

"இன்னா மாமு, இங்க நின்னுகினு கீற? மேஜை பத்துக்கு சூப்பு போவல."

"எனக்கு வயிறு சரியில்ல பெனிட்டோ. இன்னிக்கு மட்டும் பாத்திரம் துடைக்கிறேன்."

"வவுத்துக்கும் பாத்தரத்துக்கும் இன்னா சம்பந்தம்?"

"தயவு செஞ்சு."

"சரி நைனா, தொட." போகிறபோது நின்றான். "பொறந்த நாள் சீட்டு ஒண்ணு வந்துகீது. மேஜை பதினாலு. படிச்சிட்டுப் போட்டுடு."

சீட்டைப் பார்த்தேன். அவள் கையெழுத்து. கேட் ஆபீஸ் ரசீதில் எழுதுகிற மாதிரி நறுக்கென்று. 'செங்கொடி. வயது 28.'

ஆவி அடிக்கிற அந்தச் சந்தில் எனக்குக் குளிர்ந்தது. இன்றைக்கா? ஆகஸ்டா? இருக்குமா? இல்லை என்று சொல்ல என்னிடம் வேறு தேதி எதுவும் இல்லை. மூன்று நாளாக ஒரே கப்பலில் இருக்கிறாள். பிறந்த நாளன்று அவளைத் தயிர்சாதத்துக்கு அனுப்பப் பார்த்தவன் நான். ஒரு வாழ்த்து சொல்லவில்லை. அவள் வாய் திறந்து கேட்கவும் இல்லை. சீட்டு எழுதி, ஊரார் பாடிக் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறாள்.

பச்சைத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

விளக்கு மங்கியது. நாற்பது பேரும் மேஜை பதினாலைச் சூழ்ந்தார்கள். நான் கடைசி வரிசையில். பாட்டு முடிந்ததும் பெனிட்டோ கேட்டான்:

"மேடம், யார் கூட ஆடறீங்க?"

அவள் தேடவே இல்லை. நேராகக் கை நீட்டினாள். நாலு வருடத்துக்கு முன்னால் நீட்டிய அதே கை. "அந்தப் பச்சத் தொப்பி."

ஆடினேன். கால் கல்லாகவில்லை. எப்படி ஆடினேன் என்று தெரியாது. அவள் என்னைவிட நன்றாக ஆடினாள் என்பது தெரியும். கெங்கம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே துண்டைச் சுழற்றியதில் பக்கத்து மேஜை அன்னம் ஒன்று பறந்து போனது.

"மன்னிச்சிடு செங்கொடி. பொறந்த நாளை மறந்துட்டேன். கடல்ல சிக்னல் இல்லாம…"

"சிக்னல் மேல பழி போடாத. சுத்து."

சுற்றினேன்.

"கால் வராதுன்ன. நல்லாத்தான் வருது."

"அது வந்து…"

"யாரோ ஒரு அம்மா உன் கூட ஆடனத வீடியோ போட்டுகீறாங்க. ஏழு மாசமா பாத்துகினு கீறேன். இதே தொப்பி. ஒரு நாள் நீயா சொல்லுவன்னு பாத்தேன். நீ வயலின் தாத்தான்ற."

துண்டைச் சுழற்றினேன்.

"இன்னொண்ணு மாமா. இன்னிக்கு எனக்குப் பொறந்த நாள் இல்ல."

"சீட்டு?"

"எழுதிக் குடுத்தா ஆடியே ஆவணும்னு பெனிட்டோ அண்ணன் மொத நாளே சொல்லிட்டாரு. இன்னிக்கு இல்லன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா, நீ பாட்டுக்கு உள்ளாறயே நின்னிருப்ப. என் திட்டம் புட்டுகினு இருக்கும். தெரியாதுன்ற நம்பிக்கைலதான் எழுதினேன்."

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். "அப்ப என்னிக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பதில் கெங்கம்மாவிடமிருந்து வந்தது.

"இன்னா மாப்ள இப்டி கேக்கற. மே ஒண்ணு. ஊருக்கே லீவு வுடறாங்க. அவுங்கப்பா கம்பெனி வாசல்ல செங்கொடி ஏத்திட்டு, தோள்ல செவப்புத் துண்டோட நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்தாரு. அந்தக் கொடிதான் இவ பேரு. பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னாரே."

"சொன்னாரு அத்தை," என்றேன். "கேசரி நல்லா இருந்தது."

நாலு மே தினத்துக்கும் நான் கடலிலிருந்து போன் செய்திருக்கிறேன். நாலு தடவையும், "இன்னிக்கு உனக்கு லீவாச்சே, நல்லாத் தூங்கு," என்று சொல்லியிருக்கிறேன். நாலு தடவையும் அவள் போனை உடனே வைக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். லைன் சரியில்லை என்று நினைத்து நான்தான் முதலில் வைத்தேன். இந்த ஐந்து வருடத்தில் முந்நூறு பிறந்த நாளுக்காவது பாடியிருப்பேன். ஒவ்வொருவர் பெயரையும் சரியாகச் சொல்லிப் பாடியிருக்கிறேன்.

மேஜை பதினாலில் செங்கொடியின் விரல் உயர்ந்தது. "தம்பி, இங்க கேக்கு வரல."

கொண்டு போய் வைத்தேன். கேக்கில் ஒரு துண்டை வெட்டி என் பக்கம் நகர்த்தி வைத்தாள். வேலை நேரத்தில் சாப்பிடக் கூடாது என்பது கப்பல் விதி. சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கப்பல் சென்னைக்கு வந்தது. பயணிகள் இறங்குவதற்கு முன் கருத்து அட்டை எழுதிக் கொடுப்பார்கள். அதைப் பெனிட்டோ எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சத்தமாகப் படிப்பது வழக்கம். அவன் குரலைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன்.

"மேஜை பதினாலு. சாப்பாடு: நன்று. ஆட்டம்: மிக நன்று. குறை ஏதேனும்: முதல் ஆட்டம் மேஜைக்கு வர நாலு வருஷம் ஆச்சு. மீண்டும் எங்களுடன் பயணம் செய்வீர்களா: வேண்டாம், அவரை எங்க வூட்டுக்கு அனுப்பவும். ஆவணியில என் தம்பி கல்யாணம், டிரம்ஸ் சொல்லியாச்சு." பெனிட்டோ அட்டையைத் திருப்பினான். "பின்னாடி இன்னும் ஒரு வரி கீது மாமு."

"படி," என்றேன்.

"பச்சைத் தொப்பியைக் கையோடு கொடுத்தனுப்பவும்."