கிட்டங்கிப் பூநாரை

பூநாரையைக் காணவில்லை.

கச்சிமுகம்மது மாஸ்டர் சைக்கிளை வரம்போரம் சாத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உடுத்திருந்த சாரனில் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். கல்முனை, கிட்டங்கிப் பக்கத்து வயல்வெளி முழுக்க மாரித் தண்ணீர். கொக்கு நின்றது. நீர்க்காகம் நின்றது. பத்தொன்பது நாளாக வாய்க்காலுக்கு அப்பால் ஒற்றைக் காலில் நின்ற றோசா நிறப் பறவை மட்டும் இல்லை.

சட்டைப்பையில் தந்தி கிடந்தது. 'சனி காலை வருகிறேன். பறவையைக் காட்டவும். அழகரெத்தினம்.'

இன்று வெள்ளிக்கிழமை காலை.

அழகரெத்தினம் கொழும்பில் ஒரு பறவைச் சங்கத்தின் காரியதரிசி. ஒவ்வொரு மாரிக்கும் எந்த ஊரில் எந்த அரிய பறவை வந்திறங்கியது என்று பட்டியல் அச்சடிப்பவர். மாஸ்டர் ஆறு வருடமாக அந்தப் பட்டியலுக்கு எழுதுகிறார். ஆறு வருடமும் கல்முனை அதில் ஏறவில்லை. தொண்ணூற்றிரண்டில் அவர் கண்ட கழுகு, விசாரித்ததில் வெறும் பருந்தாகிப்போனது. தொண்ணூற்று நாலில் கண்ட அன்னம், யாரோ வளர்த்த தாறா வாத்தாகிப்போனது. இந்தத் தொண்ணூற்றேழில் பூநாரை என்று எழுதியபோது, 'இம்முறையும் பிழையானால் இனி எழுதித் தபால் செலவு செய்யவேண்டாம்' என்று பதில் வந்திருந்தது.

அதனால் மாஸ்டர் மிகக் கவனமாக இருந்தார். பறவை கலைந்துவிடும் என்று கிட்டவே போகவில்லை. தினமும் மாலையில் அசர் தொழுதுவிட்டு வந்து, தூரத்தில் நின்று கொப்பியில் எழுதினார்: 'மழைக்கும் இடம் மாறாதது. ஆள் சந்தடிக்கு அஞ்சாதது. மிகப் பொறுமையான பறவை.'

வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"பறவ எண்டாப் பறக்கத்தானே செய்யும்?" என்றாள் மனைவி சுபைறா. "அதுக்கேன் தின்னாம இரிக்கீங்க?"

"நாளைக்கு வாற மனிசனுக்கு நான் என்னத்தக் காட்டுற?"

"மீன் ஆணம் காட்டுவம். நல்லாத் தின்னுட்டுப் போகட்டும்."

மாஸ்டர் பாதிச் சோற்றில் எழும்பினார். பூநாரைக்குக் கூனி இறால் என்றால் உயிர் என்று எங்கோ வாசித்தது ஞாபகம் வந்தது. சுபைறா காயவைத்திருந்த கூனியைக் கடகத்தோடு தூக்கிக்கொண்டு போய் வாய்க்காலோரம் தூவினார்.

பத்து நிமிடத்தில் கல்முனைச் சந்தைக் காகம் முழுவதும் வந்து சேர்ந்தது. காகத்துக்குப் பின்னால் நாய்கள் வந்தன. இருந்த கொக்கும் போய்விட்டது.

நாய்களைக் கலைக்க மாஸ்டர் ஓடிப்போய் ஒரு கட்டுச் சீனவெடி வாங்கி வந்து கொளுத்தினார். நாய்கள் ஓடின. கூடவே கண்ணுக்கெட்டிய தூரம்வரை இருந்த பறவையெல்லாம் ஒரேயடியாக எழும்பி மேற்கே போயின. வெளி வெறிச்சோடியது. அந்த வெறும் வெளியில், வெடிச்சத்தம் கேட்டு ஒரு இராணுவ ஜீப் வந்து நின்றது.

இறங்கிய இரண்டு சிப்பாய்களிடம் மாஸ்டர் பறவைக்குத் தனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லை, "குருல்லா, குருல்லா" என்று இரண்டு கையையும் சிறகுபோல் அடித்து அடித்துச் சொன்னார். அவர்கள் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்கள். பிறகு சைக்கிளையும் அவரையும் ஜீப்பில் ஏற்றி வீட்டில் இறக்கி, ஐயாவைத் தனியே வெளியே விடவேண்டாம் என்று சைகையால் சுபைறாவுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"என்ட றப்பே," என்றாள் சுபைறா. "கூனி எங்க?"

சனிக்கிழமை விடிந்ததும் மாஸ்டர் அலுமாரியைத் திறந்தார்.

"அதத் தொடாதீங்க! மகள் நிப்லாட கலியாணத்துக்கு உடுக்க வச்ச சாரி அது!"

"ஒரு மணித்தியாலம் தா புள்ள. ஊர்ர மானம்."

"ஊர்ர மானத்துக்கு என்ட சாரியா கிடைச்ச?"

ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே ஊசி நூலை எடுத்தாள். பழைய தலையணை உடம்பானது. வளைத்த சைக்கிள் டியூப் கழுத்தானது. எல்லாவற்றுக்கும் மேலே றோசாச் சாரி. காலுக்கு ஒரு கம்பு போதும். பூநாரை ஒற்றைக் காலில்தானே நிற்கும். இடுப்பளவு தண்ணீரில் வாய்க்காலைக் கடந்து, பறவை நின்ற அதே இடத்தில் மாஸ்டர் அதை நட்டுவிட்டு வந்தார்.

பத்து மணிக்கு அழகரெத்தினம் வந்தார். மெலிந்த, வயதான மனிதர்.

"வழியில ஒரு சோதனைச் சாவடியில பைனாகுலர வாங்கி வச்சிட்டாங்க, மாஸ்டர். திரும்பிப் போகேக்க தருவாங்களாம். வெறுங்கண்ணாலதான் பார்க்கவேணும்."

மாஸ்டர் மனதுக்குள் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சொன்ன கையோடு வெட்கமும் வந்தது.

வரம்பில் நின்று பார்த்த கிழவர் அப்படியே மாஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டார். தன் கொப்பியில் எழுதினார்: 'கல்முனை. பூநாரை. ஒன்று.'

"உங்கள ரெண்டு தரம் பொய்யன் எண்டு நினைச்சிட்டன்," என்றார். "மன்னிக்கவேணும்."

அதை மட்டும் மாஸ்டரால் தாங்க முடியவில்லை.

"சேர், அத எழுதாதீங்க."

"ஏன்?"

"அது பறவையில்ல. என்ட பொண்டாட்டிட சாரி."

அந்நேரம் பார்த்துக் காற்றில் முந்தானை அவிழ்ந்து, கொடிபோல் ஆடியது.

"ஆனா சேர், அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றன், சத்தியம். வியாழக்கிழமை வரைக்கும் உண்மையான பூநாரை இந்த இடத்திலதான் நிண்ட. பத்தொன்பது நாள் இந்த ரெண்டு கண்ணாலயும் பார்த்த. நீங்க நம்பாட்டிப் பரவாயில்ல."

கிழவர் திடீரெனச் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது.

"தான் செஞ்ச பொய்யத் தன்ட வாயாலயே ஒத்துக்கொள்ற மனிசன், கண்டத மாத்திச் சொல்லமாட்டான்," என்றார். எழுதியதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதி நீட்டினார்: 'கல்முனை. பூநாரை. ஒன்று. பத்தொன்பது நாட்கள். கண்டவர்: கச்சிமுகம்மது.'

மாஸ்டர் தன் பெயரை மூன்று தரம் வாசித்தார். கண்ணாடி மங்கிப்போனது. இவ்வளவு காலத்துக்கும் சேர்த்து ஒரேயடியாக நெஞ்சு நிறைந்தது.

அப்போது வரம்பு வழியே, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு ஒருவர் அவசரமாக வந்தார். பாண்டிருப்பு நல்லரெத்தினம், அந்த வயலுக்குச் சொந்தக்காரர். வந்தவர் மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பெரிய உபகாரம் மாஸ்டர்! ரெண்டு நாளாக் காய்ச்சலில கிடந்தன். வியாழக்கிழமைக் காத்தில, குருவி விரட்ட நட்டு வச்ச என்ட வெருளி அள்ளுப்பட்டுப் போயித்தாம், தண்ணிக்கோழி பயிரத் தின்னப்போகுதெண்டு பதறி ஓடி வந்தா, நீங்க அதே இடத்தில, அதே றோசாக் கலரில, புதிசாவே ஒண்டு நட்டு வச்சிருக்கிறீங்க!"