மடுல்கெல்லைக்கு வந்த டியூக் பட்டம்

பிறக்காத குழந்தையை நம்பி யாரும் வேலையை விடக்கூடாது. அதுவும் அந்தக் குழந்தை நம்முடையதாக இல்லாமல், கடல் தாண்டி இங்கிலாந்தில், நாம் முகம் பார்த்தே இராத ஒரு சீமாட்டியின் வயிற்றில் இருக்குமானால் நிச்சயமாக விடக்கூடாது. இதைச் சொல்வதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் கண்டி மாவட்டத்தில் இல்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் வேலை நாட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கந்தோரில் (ஆபீசை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) என் அப்பா பெரிய கிளாக்கர், நான் சின்னக் கிளாக்கர். கண்டியில் இங்கிலீஷ் படித்தவன் என்ற தலைக்கனம் எனக்கு நிறைய உண்டு. கூடவே ஒரு வியாதி: ஒரு கதிரையில் சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் உட்கார முடியாது. எழுந்து ஜன்னலுக்குப் போவேன், வருவேன், மறுபடி போவேன். “கதிரையில முள்ளா இருக்கு?” என்பார் அப்பா. முள் கதிரையில் இல்லை. இந்த மலையையும் மழையையும் விட்டு எங்காவது போய்விட வேண்டும் என்று என் உடம்புக்குள் எப்போதும் ஒன்று குத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் சின்னத் துரை வெள்ளைக்காரர்களில் சாது. தோட்டத்து மானேஜரான பெரிய துரை கத்துவார். சின்னத் துரை தன் இரண்டு நாய்களையும் கூட்டிக்கொண்டு மலைக்கு நடந்துவிடுவார். தமிழைக் கங்காணிகளிடம் கற்றதால் அவருக்குக் கட்டளை போடும் தமிழ் மட்டுமே தெரியும். ‘வா’, ‘போ’, ‘வெட்டு’, ‘நிறுத்து’. அன்பாகப் பேசுவதையும் அதிலேயே பேசுவார்.

ஒரு நாள் அவர் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு வந்தார். அவருடைய பெரியப்பா மகன் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார் என்றும், அவர்தான் வின்டர்லி டியூக் என்றும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. டியூக் என்றால் ராஜாவுக்கு அடுத்தபடி இருக்கும் பிரபு. நான் மனதுக்குள் குதித்துவிட்டு, முகத்தை மட்டும் துக்கமாக வைத்துக்கொண்டு அவருடைய பங்களாவுக்குப் போனேன்.

“ரொம்ப வருத்தமா இருக்குங்க துரை.”

“வருத்தப்படாதே. சின்ன வயசுல அவன் என்னைக் குளத்துல தள்ளினான். உட்காரு.”

(நான் உட்காரவில்லை. உட்கார முடிந்தால் நான் ஏன் இந்தக் கதையைச் சொல்லப்போகிறேன்?)

“அவருக்கு அடுத்தது யாருங்க துரை?”

சின்னத் துரை நாயின் காதில் உண்ணி தேடிக்கொண்டிருந்தார். “நான்” என்றார். பிறகு, “நான் இல்லை” என்றார். உண்ணியை எடுத்து நசுக்கிவிட்டு விளக்கினார். செத்துப்போனவருக்குப் பிள்ளை இல்லை. ஆனால் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். அவர்களுடைய வழக்கப்படி பெண்ணுக்குப் பட்டம் கிடையாது. பையன் பிறந்தால் தொட்டிலிலேயே அவன் டியூக். பெண் பிறந்தால் இவர் டியூக். அதுவரை பட்டம் அந்தரத்தில் தொங்கும்.

“நீங்க டியூக் ஆனா எங்களை மறந்துடாதீங்க துரை.”

“நீயும் வா. செகரட்டரி வேலை பாரு. அந்தத் துணியை எடு, நாயைத் துடை.”

நாயைத் துடைத்தபோதே நான் கப்பல் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. தபால்காரன் தலை மலைவளைவில் தெரிந்தால் நான் படி இறங்கிவிடுவேன். குளிர் நாட்டுக்குப் பழக வேண்டும் என்று விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து, மார்ச்சளி பிடித்துப் படுத்தேன். படுக்கையிலும் இருப்புக் கொள்ளவில்லை. கொழும்புக்கு அனுப்பிய தேயிலைப் பெட்டிகளில் விலாசம் எழுதும்போது ஒன்றில் என்னையறியாமல் ‘வின்டர்லி மாளிகை’ என்று எழுதிவிட்டேன். அப்பா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“யாரோ பெத்துக்கிறதுக்கு நீ ஏன்டா முக்குற?”

அடக்கமாக இருந்திருக்கலாம். நான் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன். சின்னத் துரை டியூக் ஆனால் இந்தத் தோட்டத்தையே வாங்கிவிடுவார், பெரிய துரையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார், எல்லோருக்கும் முழு வேலை நாள் கிடைக்கும் என்றேன். (சின்னத் துரை இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.) அரை வயிற்றோடு இருந்த சனம் அது. நம்பிவிட்டது. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் மாரியம்மன் கோவில் முன்னால் நின்று, சீமையிலே பெண் குழந்தை பிறக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மேட்டு லயத்து வரிசைவீட்டுக் காத்தாயி மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எனக்கு நாலும் பொண்ணாப் பொறந்தப்ப ஒருத்தரும் ஒரு சூடம் கொளுத்தலியே, கிளாக்கரய்யா?”

நான் தபால்காரன் வருகிறானா என்று மலைவளைவைப் பார்த்தேன்.

மாரியம்மனை மட்டும் நம்பியிருக்க மனமில்லாமல் கண்டிக்குப் போய்ப் பிள்ளையார் கோவிலில் அர்ச்சனைக்கும் கொடுத்தேன். யாழ்ப்பாணத்து ஐயர்.

“ஆருடைய பேருக்குத் தம்பி?”

“வின்டர்லி டச்சஸ் பேருக்குங்க சாமி.”

ஐயர் தட்டைக் கீழே வைத்தார். “ஆர்?”

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “சரி. அவாவின்ரை நட்சத்திரம் என்ன?”

“தெரியாதுங்க.”

“கோத்திரம்?”

“வின்டர்லி.”

“தம்பி, நட்சத்திரமும் தெரியாமல், ஊரும் தெரியாமல், வெள்ளைக்காரிக்குப் பொம்பிளைப் பிள்ளை கேட்டால் பிள்ளையார் எங்கையெண்டு தேடுறது?” என்றவர், என் முகத்தைப் பார்த்து இரங்கி, “சுவாமி பேருக்கே செய்து விடுறன். அவருக்கு விலாசம் தெரியும்” என்றார்.

இடையில் என் கல்யாணமும் இருந்தது. ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் மாமா, தன் மகள் செல்லம்மாவை எனக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். எனக்கு என்றா சொன்னேன்? தவறு. தோட்டத்துச் சின்னக் கிளாக்கருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்த வித்தியாசம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஒரு புதன்கிழமை தந்தி வந்தது. சின்னத் துரையின் பெயருக்கு வந்த தந்தியைக் கந்தோரில் வாங்கியவன் நான். கையில் வாங்கியதும் ஓடினேன். மலை உச்சியில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் அவரைப் பிடித்துத் தந்தியை நீட்டினேன். அவர் உறையைக் கிழித்தார். படித்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம் நீட்டினார்.

‘மகள் பிறந்தாள். வாழ்த்துகள் என் டியூக்கே. அம்மா.’

சின்னத் துரை மெதுவாக எழுந்தார். சாதுவான அந்த மனிதர் முகத்தில் அதுவரை நான் பார்த்திராத ஒரு வெளிச்சம். “வா” என்றார். “எங்கேங்க துரை?” என்றேன். “பெரிய துரையிடம். வா.”

கந்தோருக்குள் பெரிய துரை இருந்தார். பக்கத்தில் என் அப்பா பேனாவோடு நின்றார். சின்னத் துரை இங்கிலீஷில் ஆரம்பித்தார். இத்தனை வருஷமாக நாய்களோடு மலைக்கு எதைச் சுமந்துகொண்டு போனாரோ, அதையெல்லாம் இறக்கினார். பெரிய துரை சனத்தின் வயிற்றில் அடிப்பதையும், தேயிலை ஸ்டோர் கூரை ஒழுகுவதையும், விருந்துகளில் அவர் பாடும் பாட்டையும்கூட விடவில்லை. கடைசியில், “உங்கள் வேலை எனக்கு வேண்டாம்” என்றார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன்.

“ஐயா, எனக்கும் வேண்டாம். உங்கள் கடிதங்களில் உள்ள எழுத்துப் பிழைகளை இனி நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.”

(இதை நான் பல மாதங்களாகக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருந்தேன்.)

பெரிய துரையின் கழுத்து சிவந்தது. அப்பா கையிலிருந்த பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை மேசையில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

வெளியே அதற்குள் செய்தி பரவிவிட்டது. தப்பு அடிக்கிறார்கள், சங்கு ஊதுகிறார்கள். காட்டுச் சாமந்தியில் மாலை கட்டிச் சின்னத் துரை கழுத்தில் போட்டு, ஸ்டோர் முற்றத்துக்கு ஊர்வலமாகக் கூட்டிப்போனார்கள். கட்டுகஸ்தோட்டையிலிருந்து தோட்டத்துக்கு அரிசி ஏற்றிவரும் மரைக்கார் நானாவின் லொறி அன்று அங்கே நின்றது. அவரும் இறங்கி வந்து துரையின் கையைக் குலுக்கினார். நான் ஒரு தேயிலைப் பெட்டி மேல் ஏறி நின்று பேச ஆரம்பித்தேன். வின்டர்லி வம்சத்தின் முதல் டியூக்கிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் தப்பு அடித்தார்கள்.

நாலாவது டியூக்கில் இருந்தபோது தந்திச் சேவகன் மறுபடி வந்தான். இன்னொரு வாழ்த்து என்று நினைத்து அவன் கழுத்திலும் ஒரு மாலையைப் போட்டார்கள். சின்னத் துரை உறையைக் கிழித்துப் படித்தார். மறுபடி படித்தார். தலையை ஆட்டிக்கொண்டு அதைப் பெட்டி மேல் இருந்த என்னிடம் நீட்டினார். “படி” என்றார்.

வக்கீல்களிடமிருந்து வந்திருந்தது.

‘அரை மணி கழித்து மகனும் பிறந்தான். இருவரும் நலம். முந்திய தந்தியைப் பொருட்படுத்த வேண்டாம்.’

சின்னப்பாட்டி ஆன அவசரத்தில் துரையின் அம்மா, சரியாகச் சொன்னால் டியூக்கின் அம்மா ஆகிவிட்ட அவசரத்தில், முதல் அழுகைச் சத்தம் கேட்டதுமே தந்தி அடிக்க ஓடியிருக்கிறார். என்னைப் போலவே இருப்புக் கொள்ளாத மனுஷி.

“என்னா கிளாக்கரய்யா, சொல்லுங்க!”

“இன்னொரு கொழந்தையும் பொறந்திருக்கு” என்றேன். “ஆம்பளப் புள்ள.”

கூட்டம் முன்னைவிடப் பலமாக ஆரவாரம் செய்தது. ரெட்டைப் பிள்ளை! அதில் ஒன்று ஆண்! சங்கு வானத்தைப் பிளந்தது. இரண்டு பேர் சின்னத் துரையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். அவர் எதிர்க்கவில்லை. நான் பெட்டி மேல் நின்று “இல்ல, இல்ல” என்று கையை ஆட்டினேன். நான் ஆடுகிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாக அடித்தார்கள்.

காத்தாயிதான் முதலில் நின்றாள். “அப்ப, பட்டம் யாருக்கு?”

தப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. பெரிய துரை கந்தோர் ஜன்னலில் நின்று சுருட்டுப் பற்றவைத்தார். அவருக்கும் இதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா அவரிடம் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். “உன் வேலை இருக்கும். உன் மகனுக்கு இங்கே எழுத்துப் பிழை இல்லாத வேலை எதுவும் இல்லை” என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்த அப்பா என் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார்.

மறுநாள் மரைக்கார் நானாவின் லொறியில் நாங்கள் மலை இறங்கினோம். முன்னால் நானாவும், டியூக் ஆகாத டியூக்கும். பின்னால் வெற்றுச் சாக்குகளின் மேல் நான், இரண்டு நாய்களோடு. லொறி எவ்வளவு மெதுவாகப் போனாலும் அன்றுதான் நான் முதல் தடவையாக அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கட்டுகஸ்தோட்டையில் இறங்கியதும் நானா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மகன், எங்கட ஊட்டுல புள்ள பொறந்தா மருத்துவிச்சி வெளிய வந்து கையக் கழுவுற வரைக்கும் நாங்க ஒருத்தருக்கும் சேதி செல்ற இல்ல. சரி, போனது போகட்டும். இங்கிலீசுல கடிதம் எழுதத் தெரியும் தானே? எங்கட கடையில நில்லுங்க.”

கண்டி ஸ்டேஷனில் சின்னத் துரையை ரயில் ஏற்றிவிட்டேன். மலாயாவில் ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்குப் போவதாகச் சொன்னார். நாய்களை நானாவிடம் விட்டிருந்தார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவர் ஜன்னல் வழியாக என் தோளைத் தட்டினார்.

“அழாதே. சிரி. நல்லா இரு. போ.”

மாமா கல்யாணத்தை நிறுத்தினார். கடைக்காரனுக்கு மகளைத் தருவதா என்றார். செல்லம்மா யார் மூலமாகவோ எனக்குச் சொல்லி அனுப்பினாள்: “சீமைக்குப் போற செகரட்டரிய நான் கேக்கலை. கட்டுகஸ்தோட்டையில இருக்கிறவரே போதும். ஆனா இனிமேல் வேலையை விட்டா என்கிட்ட கேட்டுட்டு விடச் சொல்லுங்க.” மாமாவை வழிக்குக் கொண்டுவர அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

எங்கள் தலைப்பிள்ளை கண்டி ஆஸ்பத்திரியில் பிறந்தது. விறாந்தையில் நான் நடந்த நடைக்குத் தரை தேய்ந்திருக்கும். கதவு திறந்து தாதி வந்து, “பொம்பளப் புள்ள. வந்து பாருங்க” என்றாள். நான் அசையவில்லை.

“என்ன, சந்தோசம் இல்லியா?”

“சந்தோசம்தான்மா” என்றேன். “உள்ளே இன்னும் யாராவது இருக்காங்களான்னு ஒரு தரம் பார்த்துட்டு வர்றீங்களா?”

உள்ளே, பெற்றுக் களைத்துக் கிடந்த செல்லம்மா சிரித்த சிரிப்பு விறாந்தை முழுக்கக் கேட்டது. தாதி என்னைப் பைத்தியம் என்று முடிவுகட்டினாள். நான் அரை மணி நேரம் கழித்து, நன்றாக நிச்சயப்படுத்திக்கொண்டுதான் உள்ளே போனேன்.

அந்த மகளுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று பாராமல், தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொல்வாள்:

“எங்க அப்பா என் மூஞ்சியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, எனக்குப் பின்னால யாராவது வர்றாங்களான்னுதான் பார்த்தாரு.”